சீஸ் சட்டியைச் சுற்றி ஒரு தேசம்

சுவிற்சர்லாந்தின் தேசிய உணவு எது என்று கேட்டால், ஃபொண்டூ என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். அது எவ்வாறு தோன்றியது என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கும். அல்ப்ஸ் மலைச்சாரலில் மாடு மேய்த்த இடையர்கள், பனிக்காலத்தில் ஊருக்குள் இறங்க வழியின்றி, காய்ந்துபோன பாணையும் இறுகிப்போன பாற்கட்டியையும் வைத்துக்கொண்டு பசியாற வழி தேடினார்களாம். பாற்கட்டியை வைனில் உருக்கி, அதிலே பாணைத் தோய்த்து, ஒரே சட்டியைச் சுற்றியிருந்து உண்டார்களாம். உல்லாசப் பயணிகளுக்கான கையேடுகளும் உணவகங்களின் பட்டியல்களும் இக்கதையைச் சலிக்காமல் சொல்லி வருகின்றன.

அழகான கதைதான். ஆனால் ஆவணங்கள் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. ஃபொண்டூவைத் தேசிய உணவாக வீடுதோறும் கொண்டுசேர்த்த பெருமை மலையிடையர்களைவிட ஒரு வணிகக் கூட்டமைப்பையே அதிகம் சாரும். பழைமை வாய்ந்தது என்று நாம் நம்பும் ஒரு மரபு எவ்வாறு, யாரால், எதற்காக உருவாக்கப்படுகிறது என்பதை அறிய விரும்புவோருக்கு இந்தச் சீஸ் சட்டி நல்லதொரு பாடம்.

ஃபொண்டூவைக் கண்டிராத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சீஸ் என்று நாம் சொல்லும் பாற்கட்டியைத் துருவி, வெள்ளை வைனில் மெல்லிய சூட்டில் உருக்கி, ‘கக்லோன்’ எனப்படும் கனத்த மண் அல்லது இரும்புச் சட்டியில் மேசை நடுவே வைப்பார்கள். சட்டியின் கீழே சிறு அடுப்பு எரியும். ஒவ்வொருவரும் நீண்ட முட்கரண்டியில் பாண் துண்டொன்றைக் குத்தி, சட்டியில் அமிழ்த்திச் சுழற்றி எடுத்து உண்பர். உருகுதல் என்று பொருள்படும் பிரெஞ்சு வினைச்சொல்லில் இருந்தே ஃபொண்டூ என்ற பெயர் பிறந்தது.

ஏடுகள் சொல்வது

உணவின் வேரைத் தேடுவோர் சிலர் கிரேக்கக் காவியமான இலியட் வரை சென்றுவிடுகின்றனர். வைனில் ஆட்டுப் பாற்கட்டியைத் துருவிப் போட்டு மாத்தூவிய ஒரு பானம் அக்காவியத்தின் 11ஆம் பாகத்தில் வருவது உண்மையே. ஆனால் அது குடிப்பதற்கான கலவை. அடுப்பில் உருக்கியதுமன்று, பாண் தோய்த்ததுமன்று. அதை ஃபொண்டூவின் மூதாதை என்பது, மாவும் தேனும் பழைய பாடல்களில் வருவதால் கேக்கைச் சங்ககால உணவு என்பதற்கு ஒப்பாகும்.

நம்பத்தக்க முதற் சான்று 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு உரியது. சூரிச் நகரத்து அன்னா மார்கரேத்தா கெஸ்னர் என்ற பெண்மணியின் சமையற் குறிப்பேட்டில், வைனுடன் பாற்கட்டியைச் சமைக்கும் முறை ஒன்று காணப்படுகிறது. பொருளும் செய்முறையும் இன்றைய ஃபொண்டூவை நெருங்கியவை. ஆனால் ஃபொண்டூ என்ற பெயர் அங்கு இல்லை.

பெயர் வரும் இடத்திலோ பொருள் வேறாக இருக்கிறது. பிரெஞ்சு நாட்டு நீதிபதியும் உணவுச் சுவைஞருமான பிரியா சவரன் 1825இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் ஃபொண்டூ பற்றி எழுதியுள்ளார். அவர் அதனைச் சுவிற்சர்லாந்திலிருந்து வந்ததாகவே குறிப்பிடுகிறார். ஆயினும் அவர் தரும் செய்முறையில் முட்டையே முதன்மையானது. இன்று நாம் அதனைக் கண்டால், பாற்கட்டி சேர்த்துக் கிண்டிய முட்டை என்றே சொல்வோம். முட்டை நீங்கி, பாற்கட்டியும் வைனும் மட்டும் சேர்ந்த செய்முறை ஃபொண்டூ என்ற பெயரிலேயே அச்சேறியது 1875இல்தான். அப்போதே அது சுவிஸ் தேசிய உணவு என்று அறிமுகம் செய்யப்பட்டிருந்தது கவனத்திற்குரியது.

எனவே இவ்வுணவு வெறும் கற்பனை அன்று. அதற்கு வேர் உண்டு. ஆனால் அந்த வேர் இடையரின் மலைக்குடிலில் இல்லை. மேற்குச் சுவிற்சர்லாந்தின் பிரெஞ்சு மொழி பேசும் தாழ்நிலப் பகுதிகளில், ஓரளவு வசதி படைத்த நகரத்தவர் வீடுகளில் இருந்தது. காரணம் எளிதானது. குருயேர் போன்ற கொழுப்பு மிகுந்த பாற்கட்டி அக்காலத்தில் விலையுயர்ந்த ஏற்றுமதிப் பண்டம். தேயிலை பறிப்பவரின் குடிசைக்கு முதற்தரத் தேயிலை போவதில்லை என்பதை அறிந்த நமக்கு, பாற்கட்டி செய்தவரின் தட்டில் குருயேர் இருக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்வது சிரமமன்று. குடியானவர் அதனைச் செய்தனர், விற்றனர், உண்டவர் வேறொருவர்.

சோளமாவின் பங்கு

ஃபொண்டூ பரவுவதற்கு அடுப்பங்கரை சார்ந்த ஒரு தடையும் இருந்தது. பாற்கட்டியை வெறுமனே சூடாக்கினால் அதன் புரதம் ஒருபுறம் இறுகித் திரண்டுவிடும். கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து மேலே மிதக்கும். வைன் இதனைப் பெருமளவு தடுக்கிறது. பாற்கட்டியின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது சுண்ணாம்புச் சத்து. வைனிலுள்ள புளிப்பு அமிலங்கள் அச்சத்தைப் பற்றிக்கொள்வதால் பிணைப்புத் தளர்ந்து, புரதம் நீரில் பரவ முடிகிறது. ஆயினும் அனுபவமில்லாத கைக்கு அது எளிதில் வசப்படவில்லை. சூடு சற்று ஏறினாலும் சட்டி ‘முறிந்துவிடும்’.

1905இல் சோளமா சுவிற்சர்லாந்தில் அறிமுகமானது. வைனில் கரைத்த சிறிதளவு சோளமா, கொழுப்பும் நீரும் பிரியாமல் கலவையைத் தாங்கிப்பிடித்தது. கைதேர்ந்த சமையற்காரருக்கு மட்டும் வாய்த்த ஒன்று, எவரும் செய்யக்கூடிய ஒன்றாயிற்று. பெரிய வரலாறுகளின் பின்னால் இத்தகைய சிறிய பொருட்கள் ஒளிந்திருப்பதுண்டு. சோளமா இல்லாதிருந்தால் பின்னர் நடந்த பிரசாரம் எத்துணை வலியதாயினும் வீடுகளுக்குள் நுழைந்திருக்குமா என்பது ஐயமே.

பாற்கட்டிச் சங்கம்

முதலாம் உலகப்போர் மூண்ட 1914இல், சுவிஸ் பாற்கட்டிச் சங்கம் என்ற அமைப்புத் தோற்றுவிக்கப்பட்டது. போர்க்காலத்திற்கென வந்த ஏற்பாடு, போர் முடிந்த பின்னரும் நீங்கவில்லை. மேலும் எண்பது ஆண்டுகள் நிலைத்தது. எமென்டால், குருயேர், ஸ்பிரின்ஸ் ஆகிய முதன்மையான பாற்கட்டி வகைகளைச் செய்வோர் அவற்றை இச்சங்கத்திற்கே நிர்ணயிக்கப்பட்ட விலையில் கொடுக்க வேண்டும். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் விற்பது சங்கத்தின் பொறுப்பு. விற்பனையில் நட்டம் வந்தால் அரசின் திறைசேரி அதனை ஈடுசெய்யும்.

பண்ணையாளருக்கு இது பெரும் பாதுகாப்பு. விலை விழுமோ, வியாபாரி ஏமாற்றுவானோ என்ற அச்சம் அவருக்கு இல்லை. ஆனால் விலையும் கொள்வனவும் உறுதியாக இருக்கும்போது உற்பத்தி குறைவதற்கு நியாயமில்லை. புதிய வகைகளைச் செய்து பார்க்கும் ஊக்கமும் எழுவதில்லை. நெல்லையோ தேங்காயையோ உத்தரவாத விலைக்கு வாங்கிய அரசுகள் எல்லாம் சந்தித்த அதே சிக்கலைச் சங்கமும் சந்தித்தது. களஞ்சியம் நிறைந்தது, வாங்குவார் குறைந்தனர். 1930களின் உலகப் பொருளாதார மந்தம் ஏற்றுமதியை முறித்தபோது, பாற்கட்டியை உள்நாட்டவரே உண்டு தீர்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

அப்போதுதான் சங்கத்தின் கண்ணில் ஃபொண்டூ பட்டது. பாணில் தடவி உண்டால் ஒருவர் ஒரு வேளையில் எவ்வளவு பாற்கட்டி உண்ண முடியும்? ஃபொண்டூவாயின் தலைக்கு 200 கிராம் வரை செல்லும். நால்வர் கூடினால் முக்கால் கிலோவுக்கு மேல் தீர்ந்துவிடும். உபரியைக் கரைக்க இதனினும் சிறந்த பாத்திரம் வேறில்லை.

அச்சமும் ஐக்கியமும்

வணிகத் தேவை மட்டும் ஓர் உணவைத் தேசிய உணவாக்கிவிடாது. காலமும் துணைநிற்க வேண்டும். 1930களின் சுவிற்சர்லாந்து அஞ்சிக்கொண்டிருந்த நாடு. வடக்கே ஹிட்லரின் ஜேர்மனி. தெற்கே முசோலினியின் இத்தாலி. 1938 மார்ச்சில் கிழக்கேயிருந்த ஒஸ்திரியாவும் ஜேர்மனிக்குள் விழுங்கப்பட்டது. ஒரே மொழி பேசுவோர் ஒரே அரசின் கீழ் வரவேண்டும் என்ற முழக்கம், ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலி, ரொமான்ஷ் எனப் பல மொழிகள் பேசும் ஒரு நாட்டின் இருப்பையே கேள்விக்குள்ளாக்கியது.

அந்த அச்சத்திற்குச் சுவிஸ் மக்கள் அளித்த பதில்களில் ஒன்று இன்றும் வியப்பூட்டுவது. 1938 பெப்ரவரி 20ஆம் திகதி நடந்த மக்கள் வாக்கெடுப்பில், சனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவில் மட்டுமே பேசிய ரொமான்ஷ் மொழியைத் தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்க, வாக்களித்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆதரவளித்தனர். நாட்டைக் காப்பதற்குச் சிறிய மொழியை அணைத்துக்கொள்வது ஒரு வழி என அவர்கள் கருதினர். இலங்கை வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் பிலிப் எட்டர் என்ற அமைச்சரின் பெயருடன் இணைந்த அரசு அறிக்கை ஒன்று வெளியானது. படைபலத்தால் மட்டுமன்றி, பண்பாட்டாலும் சிந்தையாலும் நாட்டைக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். ‘ஆன்ம ரீதியான தேசப் பாதுகாப்பு’ என்று அழைக்கப்பட்ட இக்கொள்கை, பள்ளிப் பாடங்கள், திரைப்படம், வானொலி, கண்காட்சி என எல்லாவற்றிலும் ஊடுருவியது. 1939இல் சூரிச் நகரில் நடந்த தேசியக் கண்காட்சி அதன் உச்சம். நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 42 இலட்சமாக இருந்த காலத்தில் அக்கண்காட்சிக்கான வருகைகள் ஒரு கோடி அளவில் பதிவாயின.

பாற்கட்டிச் சங்கம் இந்த அலையில் ஏறிக்கொண்டது. இந்தப் பகுதியின் ஃபொண்டூ, அந்தப் பகுதியின் ஃபொண்டூ என்று வட்டார முத்திரையுடன் பல செய்முறைகளை அது வெளியிட்டது. குருயேரும் வஷ்ரனும் சரிபாதியாகச் சேரும் பிரிபூர்க் முறையும், குருயேரும் எமென்டாலும் சேரும் நொயஷாத்தெல் முறையும் இன்றும் மதிப்புப் பெற்றவை. அவற்றோடு சேர்த்து, சங்கத்தின் மேசையில் எழுதப்பட்ட பகுதிகளும் மரபு என்ற பெயரில் உலாவந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்த சுவை. ஆயினும் எல்லோருக்கும் ஒரே சட்டி. பன்மொழி நாட்டின் தத்துவத்தை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது. பாற்கட்டியும் விற்பனையாகும்.

படைமுகாமும் வரவேற்பறையும்

போர்க்காலம் வந்தபோது உணவுப் பங்கீடும் வந்தது. பாற்கட்டியும் கட்டுப்பாட்டுக்குள் ஆனது. 1948இல் பங்கீடு முற்றாக நீங்கிய பின், சங்கம் மீண்டும் தன் பிரசாரத்தைத் தொடங்கியது. இம்முறை அதன் கை நீண்டது. படைப்பிரிவுகளுக்கும் நிகழ்ச்சி ஒழுங்கமைப்பாளர்களுக்கும் ஃபொண்டூச் சட்டித் தொகுதிகள் அனுப்பப்பட்டன. ஆண்கள் அனைவருக்கும் படைச்சேவை கட்டாயமான நாட்டில், முகாமில் கற்ற உணவு வீட்டிற்கு வந்து சேருவதற்கு நீண்ட காலம் ஆகவில்லை.

‘ஃபொண்டூ நல்லது, நல்ல மனநிலையையும் தரும்’ என்ற பொருளில் சுவிஸ் ஜேர்மன் பேச்சுமொழியில் அமைந்த விளம்பர வாசகம் 1950களில் நாடெங்கும் பரவியது. அவ்வாசகத்தின் முதலெழுத்துகளைக் கோத்து உருவான ‘ஃபிகுகெகல்’ என்ற விநோதச் சொல்லை இன்றும் சுவிஸ் சிறுவர்கள் அறிவர். மேற்கிலிருந்த பிரெஞ்சுப் பகுதியின் உணவை, ஜேர்மன் பகுதியின் பேச்சுமொழியே நாட்டுக்குப் பாடிக்காட்டியது.

இதில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. விருந்தென்றால் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் வியர்க்க, ஆண்கள் மேசையில் காத்திருப்பது ஐரோப்பாவிலும் வழமையாக இருந்தது. ஃபொண்டூவிலோ அடுப்பே மேசைக்கு வந்துவிட்டது. முகாமில் பழகிய கணவர் கரண்டி பிடித்துக் கிண்டுவது இழுக்காகக் கருதப்படவில்லை. இதனை மிகைப்படுத்தவும் கூடாது. சுவிஸ் பெண்கள் தேசிய மட்டத்தில் வாக்குரிமை பெற 1971 வரை காத்திருக்க நேர்ந்தது. வாக்குப்பெட்டியைவிடக் கரண்டி முன்னதாகவே கைமாறியது என்று சொல்லலாம்.

கடல் கடந்த விருந்து

நியூயோர்க் நகரில் ‘ஷாலே சுவிஸ்’ என்ற உணவகத்தை நடத்திய கொன்ராட் எக்லி என்பவர், 1956இல் இறைச்சித் துண்டுகளைக் கொதிக்கும் எண்ணெயில் பொரித்து உண்ணும் ‘பூர்கினியொன்’ ஃபொண்டூவை அங்கே அறிமுகம் செய்தார். 1960களின் நடுப்பகுதியில், டொப்லரோன் சொக்கலேற்றுக்கான விளம்பர முயற்சியின் பகுதியாகச் சொக்கலேற் ஃபொண்டூவும் அதே உணவகத்தில் பிறந்தது. அல்ப்ஸ் மலையின் இனிப்பு மரபு என்று பலர் நம்பும் அது, உண்மையில் மன்ஹற்றனில் பிறந்த குழந்தை. 1964இல் நியூயோர்க்கில் தொடங்கிய உலகக் கண்காட்சியில், சுவிஸ் அரங்கின் உணவகம் அமெரிக்கர்களுக்கு ஃபொண்டூவைப் பரிமாறியது.

அதன் பின்னர் அமெரிக்காவில் ஃபொண்டூ விருந்து என்பது ஒரு காலத்தின் அடையாளமே ஆயிற்று. புறநகர் வீடுகளில் வாழ்ந்த இளம் தம்பதியருக்குத் திருமணப் பரிசாக ஃபொண்டூத் தொகுதி வந்து சேர்ந்தது. வேலையாள் இல்லாத வீட்டில் விருந்தளிப்பவரும் விருந்தினரோடு அமர்ந்து உண்ண அது வழிசெய்தது. பிரான்சில் வெளிவந்த அஸ்ரறிக்ஸ் சித்திரக்கதை வரிசையின் 1970ஆம் ஆண்டு நூலில், சட்டியில் பாணைத் தவறவிட்டவருக்குத் தண்டனை வழங்கும் விருந்தொன்று நகைச்சுவையாக இடம்பெற்றது. ஃபொண்டூவின் விளையாட்டு விதி அவ்வளவுக்கு எல்லோரும் அறிந்ததாகிவிட்டிருந்தது.

விருந்து ஆயத்தம்

வீட்டில் இவ்விருந்தை நடத்த விரும்புவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஆட்களின் தொகையை. ஒரு சட்டிக்கு நால்வர் உகந்த கணக்கு. அறுவருக்கு மேற்பட்டால் இரண்டாவது சட்டி வேண்டும். நால்வருக்கு 800 கிராம் பாற்கட்டி, ஏறத்தாழ 350 முதல் 400 மில்லிலீற்றர் புளிப்புள்ள வெள்ளை வைன், மூன்று நான்கு தேக்கரண்டி சோளமா, ஓர் உள்ளிப் பல், சிறிது மிளகுத்தூள், சாதிக்காய்த்தூள். ‘கிர்ஷ்’ எனும் செரிப்பழச் சாராயம் சிறிதளவு சேர்ப்பதும் மரபு. பாண் முதல்நாள் சுட்டதாக இருப்பது நல்லது. ஒவ்வொரு துண்டிலும் கருக்கல் தோல் இருக்குமாறு வெட்டினால் முட்கரண்டியிலிருந்து நழுவாது.

உள்ளியைச் சட்டியின் உட்புறமெங்கும் தேய்த்து, வைனைச் சூடாக்கி, சோளமாவில் பிரட்டிய பாற்கட்டியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உருக்குவது குசினி அடுப்பில்; மேசையடுப்பு சூட்டைக் காப்பதற்கு மட்டுமே. கரண்டி சட்டியின் அடியைத் தொட்டு எட்டு வடிவில் ஓடவேண்டும். கொதிக்க விடலாகாது. கலவை பிரிந்துவிட்டால், எலுமிச்சைச் சாற்றிலோ வைனிலோ கரைத்த சோளமாவை விட்டுக் கிண்டினால் பெரும்பாலும் கூடிவரும்.

மேசையடுப்பு மதுசாரத்தில் எரிவதாயின் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அதன் சுவாலை வெளிச்சத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணி, சூடாறாத அடுப்பில் மீண்டும் எரிபொருள் ஊற்றுவதால் கடுமையான தீக்காயங்கள் ஏற்படுகின்றன. அணைத்து, நன்கு ஆறவிட்டு, மேசைக்கு அப்பால் வைத்தே நிரப்ப வேண்டும்.

பாணைத் தவறவிட்டவர் ஒரு போத்தல் வைன் வாங்கித்தர வேண்டும் என்பது பரவலான விதி. ஈற்றில் சட்டியடியில் பொன்னிறமாகப் பிடித்திருக்கும் தோலைச் சுரண்டி எல்லோரும் பகிர்வர். அதற்கு ‘கன்னியாஸ்திரி’ என்று பெயர். கூட என்ன குடிப்பது என்பதில் சுவிஸ் குடும்பங்கள் இரண்டுபட்டு நிற்கும். ஒருசாரார் வைன் என்பர், மறுசாரார் வெறுந்தேநீர் என்பர். சூரிச் ஆய்வாளர்கள் 20 பேரை வைத்து இதனையே ஆராய்ந்து, 2010இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். மதுவோடு உண்டவர்களின் இரைப்பை மெதுவாகவே வெறுமையாயிற்று. ஆனால் அசௌகரியத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வழக்குத் தீர்ந்தபாடில்லை.

குசினி வழியே வந்தவர்கள்

இந்தச் சட்டியின் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1980களில், குறிப்பாக 1983 யூலைக்குப் பின், இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் சுவிற்சர்லாந்தில் தஞ்சம் கோரினர். இன்று அங்கு வாழும் ஈழத்தமிழ் வம்சாவளியினர் ஏறத்தாழ 50,000 பேர். வந்த தலைமுறையில் பெருந்தொகையானோருக்குக் கிடைத்த முதல் வேலை உணவகக் குசினிகளில். வெங்காயம் உரித்தனர், பாத்திரம் கழுவினர், பின்னர் சமையற்காரராயினர். சுவிஸ் குடும்பங்கள் சட்டியைச் சுற்றி அமர்ந்து தேசிய உணவை உண்டபோது, சட்டியை ஆயத்தம் செய்த கைகளில் யாழ்ப்பாணத்துக் கைகளும் இருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் பேர்ண் நகருக்கு அண்மையில் வசிக்கும் உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த அவரது மகள் ஓர் இரவு ஃபொண்டூ செய்தாள். என் கையில் கரண்டியைத் தந்து, “மாமா, கிண்டுறதை நிப்பாட்டாதேங்கோ, அடிப்பிடிச்சுப் போடும்” என்று உத்தரவிட்டாள். அவளது தகப்பனார் சிரித்தார். “இருவது வருசமா மற்றவைக்குச் செய்து குடுத்தனான். எண்டாலும் எனக்கு எங்கட ஒடியற்கூழ்தான்” என்றார். மகள் விடவில்லை. “அப்பா, அதுவும் ஒரு பானையைச் சுத்தி இருந்து குடிக்கிறதுதானே” என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பிளாவைக் கையில் ஏந்திக் கூழ்ப்பானையைச் சுற்றி அமர்ந்தவர்களுக்கு, ஃபொண்டூவின் உட்பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் தகப்பனாரின் சொல்லிலும் ஒரு வரலாறு இருந்தது. ஒரே சட்டி என்பது ஒரே நாளில் எல்லோருக்கும் உரியதாகிவிடுவதில்லை. மகள் அமர்ந்திருக்கும் நாற்காலிக்குத் தகப்பன் குசினியின் பின்கதவால் வந்து இருபது ஆண்டுகள் நின்று வழிசெய்திருக்கிறான்.

சங்கம் போயிற்று, சட்டி நின்றது

பாற்கட்டிச் சங்கத்தின் இறுதி ஆரவாரமின்றி வந்தது. உலக வர்த்தக விதிகள் இறுகின. மானியச் செலவு குறித்து வரிசெலுத்துவோர் முறையிட்டனர். 1990களின் விவசாயச் சீர்திருத்தங்கள் பழைய ஏற்பாட்டைக் கலைத்தன. 1999இல் சங்கம் மூடப்பட்டது. 2001இல் குருயேருக்குத் தோற்ற இடப் பாதுகாப்புக் கிடைத்து, அரசின் உத்தரவாத விலைக்குப் பதில் பெயரின் மதிப்பே அதற்குக் காவலாயிற்று. ஆனால் ஃபொண்டூவை நிறுத்துமாறு எவருக்கும் தோன்றவில்லை. விளம்பரம் செய்தவர் போன பின்னும் விளம்பரப்படுத்தப்பட்டது நிலைத்துவிட்டது.

அப்படியாயின் சுவிஸ் மக்கள் ஏமாற்றப்பட்டார்களா? அவ்வாறு சொல்வது அவசரத் தீர்ப்பாகும். இடையர் கதை புனைவுதான். ஆனால் மூன்று தலைமுறையினர் சட்டியைச் சுற்றி அமர்ந்தது புனைவன்று. எந்த மரபுக்கும் ஒரு தொடக்கம் இருந்தே தீரும். அத்தொடக்கம் அண்மையது என்பதாலோ, அதில் ஒரு வியாபாரியின் கை இருந்தது என்பதாலோ அது போலியாகிவிடாது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தொடக்கத்தை மறைத்து, ‘ஆதிகாலம் தொட்டு எமதே’ என்று ஒரு மரபை வேலியாக்கும்போதுதான் அது நஞ்சாகிறது. பழைமையைக் காட்டி அயலவனை மேசையிலிருந்து எழுப்பிய நாடுகளின் கதையை நாம் புத்தகத்தில் படித்து அறியவேண்டியதில்லை.

ஆகவே ஒரு மரபு முன்வைக்கப்படும்போது, அது எத்தனை நூற்றாண்டு பழையது என்று கேட்பதைவிட வேறிரண்டு கேள்விகளைக் கேட்பது பயன்தரும். அதனை நமக்குச் சொன்னவர் யார்? அதைச் சுற்றி அமர யாருக்கு இடமுண்டு? 1938இல் சுவிற்சர்லாந்து இரண்டாவது கேள்விக்கு ரொமான்ஷ் மொழியாரை நோக்கி நல்ல பதிலொன்றைத் தந்தது. பின்னர் வந்தவர்களுக்கான பதிலை அது இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறது. சட்டி சூடாகவே இருக்கிறது. கிண்டுவதை நிறுத்தாதிருந்தால் சரி.